அக்கா வெட்டி எறிந்த கேள்விகள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு அக்காவின் முகம் தெரியும்; வானொலி கேட்டுத் தேடி வந்த மீதிப் பேருக்குக் குரல் மட்டும்தான் தெரியும். நான் அவருடைய ஒரே தம்பி. எழுதிப் பழக்கமில்லாதவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது பம்மலில். அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்களாம். அதனாலேயே அக்கா வகுப்பில் வாயே திறந்ததில்லை என்று அம்மா சொல்வார். அப்பா காலமானதும் அக்காதான் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையலுக்குப் போய் என்னைப் படிக்கவைத்தார். கல்யாணம் நிலைக்கவில்லை. அதை இங்கே நான் விரித்து எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது.

தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் சமுதாய வானொலி தொடங்கினார்கள். உள்ளூர்ப் பெண்கள் பேச வரலாம் என்று நோட்டீஸ் பார்த்துவிட்டு அக்கா கிளம்பியபோது நான் சிரித்தேன்.

"நீயா? ரேடியோவுலயா?"

"ஏன்டா, என் வாய்க்கு இன்னா கொறச்சல்?"

அன்று சிரித்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அதன்பின் தினமும் காலை பதினோரு மணிக்கு அக்காதான். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும், எங்கே கரண்ட் இருக்காது, யாருக்கு ரத்தம் வேண்டும், எல்லாம் நேரலையில் சொல்வார். முடிச்சூர்ப் பக்கம் வெள்ளம் புகுந்த மழையில் மூன்று நாள் வீட்டுக்கே வரவில்லை. போனில் அழுதவர்களுக்குப் படகு வரும் வழியை வானொலியிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

நேரலை முடிந்ததும், முன்பே பதிந்துவைத்த ஒருவருடைய பேட்டி. இஸ்திரி போடுபவர், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், பூக்காரம்மா என்று தினம் ஒருவர். மைக்கைப் பார்த்ததும் அவர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எல்லோரிடமும் அக்காவின் முதல் கேள்வி ஒன்றுதான்: "காலைல இன்னா சாப்ட்டீங்க?" அதற்குப் பதில் தெரியாதவர் யாருமில்லையே!

ஆனால் பேட்டியை ஒலிபரப்புவதற்கு முன் தன் கேள்விகளையெல்லாம் வெட்டிவிடுவார். அந்த இடத்தில் ஒரு மூச்சு விடும் நேரம் மட்டும் சும்மா விடுவார். "ஏன்க்கா இப்படிப் பண்ற?" என்று கேட்டேன். "என் குரல் எங்கடா போவப்போவுது? நான் தெனம் பேசுறேன். அவங்க ஒரு தபாதான் பேசுறாங்க, அவங்களதுதான் இருக்கணும்" என்றார்.

போயிற்றே, அக்கா.

பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் ஒரே காலையில் போயின. பேச்சுப் பயிற்சி தர வீட்டுக்கு வந்த அம்மையார், "அவங்க குரலையே அவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க, சிலருக்கு அதுல பேச்சு திரும்பும்" என்றார். இவ்வளவுதானா என்று நிலையத்துக்கு ஓடினேன். நேரலைகளைச் சில மாதங்களுக்கு மேல் வைத்திருப்பதில்லையாம். பேட்டிகள் இருந்தன, நூற்றுக்கணக்கில். ஒன்றில்கூட அக்கா இல்லை. போனில் தேடினேன்; வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் பழக்கமே அவருக்குக் கிடையாது. என் கல்யாண வீடியோவில் அக்கா வாயசைத்துப் பேசுகிறார். மேலே பாட்டைப் போட்டு மூடிவைத்திருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் பேசியவரின் ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. இதைவிடக் கையாலாகாத தம்பி இருப்பானா?

வேறு வழியில்லாமல் பேட்டிகளையே போட்டேன். முதலில் இஸ்திரிக் கடை பாயுடையது. "ரெண்டு இட்லிக்கா, நேத்து வெச்ச கொழம்பு" என்று தொடங்கினார். அடுத்த இடைவெளி வந்தபோது அக்காவின் உதடு அசைந்தது. வெட்டி எறிந்த கேள்வியைச் சரியாக அந்த இடத்தில் கேட்கிறார்! காதை வாயருகே வைத்துப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. ஏழு மாதம் தினமும் பதினோரு மணிக்குப் போட்டோம். காற்று மட்டும்தான் வந்தது.

கடைசி நாள் காலையில் பேட்டி எதுவும் ஓடவில்லை. அக்கா என்னையே பார்த்து உதட்டை அசைத்தார். "தண்ணியாக்கா?" என்றேன். இல்லை. "ஃபேன் போடவா? திரும்பிப் படுக்கணுமா?" இல்லை, இல்லை. மறுபடி மறுபடி அதையே சொன்னார். எனக்குப் புரியவில்லை. களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது.

அக்காவைத் தூக்கி உட்காரவைத்த பக்கத்து வீட்டுச் சகோதரிகளுக்கும், வாராவாரம் வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்த பாய்க்கும், நிலையத்துத் தோழர்களுக்கும், மழையையும் பார்க்காமல் கடைசி வழி அனுப்ப வந்த முகம் தெரியாத நேயர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. உங்களில் யாராவது எப்போதாவது அக்கா பேசியதைப் போனில் பதிந்திருந்தால், கரகரப்பாக இருந்தாலும் பரவாயில்லை, தயவுசெய்து கொடுங்கள்.

காரியம் முடிந்து பல நாள் கழித்து பாயின் பேட்டியை மறுபடி போட்டேன். "ரெண்டு இட்லிக்கா" என்பதற்கு முன்னால் இருக்கும் அந்த மூச்சு நேரத்தில், என்னை அறியாமல் என் உதடு அந்த முதல் கேள்வியைக் கேட்டது. கடைசி நாளன்று நான் பார்த்த அதே அசைவு. அதுதானா என்று உறுதியாகச் சொல்ல எனக்கு யாருமில்லை. ஆனாலும் பதில் சொல்லிவிடுகிறேன்.

இல்லக்கா. அன்னிக்குக் காலைல நான் ஒண்ணும் சாப்பிடல.