எல்லோருக்கும் தொண்ணூற்றேழு புள்ளி எட்டு

கம்பெனி பஸ்ஸில் ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டியிருந்தார்கள். அங்கே உட்காரக் கூடாது என்று அர்த்தம். நாங்கள் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தோம். காலை ஷிஃப்ட் பஸ். நிற்கவும் ஆட்கள் இருந்தார்கள். வல்லக்கோட்டை தாண்டும்போது யாரோ என் பிடரியில் தும்மினார்கள். அந்த ஈரத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே போனைப் பார்த்தேன். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. மாணவர்களின் பாதுகாப்பைக் கருதி இந்த ஆண்டு விளையாட்டுப் போட்டிகள் அனைத்தும் ரத்து.

எனக்கு அந்த யோசனை வந்தது அந்த நொடியில்தான். கம்பெனியில் அசெம்ப்ளி லைன் நிற்கவில்லையே! ஏ ஷிஃப்ட் ஆட்கள் பி ஷிஃப்ட் ஆட்களைப் பார்க்காதபடி இடையில் நேரம் விட்டு, ஒரே குழுவை ஒரே பஸ்ஸில் ஏற்றி, ஒரே மேசையில் சாப்பிட வைத்து ஓட்டுகிறார்கள். பஸ் நாறுகிறது, சரி. ஆனால் முறை நல்ல முறை. ஒவ்வொரு கல்லூரி அணியையும் ஒரு ஷிஃப்ட்டாக வைத்தால் கபடி சீசன் ஏன் ஓடாது?

இரண்டு சீட் முன்னால் எங்கள் கேப்டன் அக்கா உட்கார்ந்திருந்தாள். தண்டலம் பக்கம் இருக்கும் எங்கள் கல்லூரி ஆன்லைனுக்கு மாறியதும் அணியில் பாதிப் பேர் ஒரகடத்துக் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தோம். அவளும் ஒருத்தி. வடக்குப்பட்டுக்காரி, இறுதியாண்டு. போன வருடம் மண்டலப் போட்டி நடந்தபோது கணுக்கால் பிசகிக் கட்டிலில் கிடந்தாள். காவல் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க மண்டலப் போட்டிச் சான்றிதழ் வேண்டும். இந்த வருடம் விட்டால் அவள் கல்லூரி மாணவியே இல்லை. பிறகு எந்த மண்டலம், எந்தச் சான்றிதழ்? லைனிலேயே கான்ட்ராக்டில் நிற்க வேண்டியதுதான்.

"அக்கா, சீசன நாமளே நடத்த வெச்சா இன்னா?"

"காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா? போய் உன் பெருக்கல் குறி மேல குந்து."

ஆனால் இறங்கும்போது அவளே கேட்டாள். "நெஜமா நடக்குமாடி?"

மறுநாளே பி.டி. சார் அறையில் நின்றோம். நான் மூன்று பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். நான்கு கல்லூரிகள், பார்வையாளர் கிடையாது, தினமும் உடல் வெப்பப் பதிவேடு, யாருக்காவது காய்ச்சல் என்றால் அந்த அணியே வீட்டில். அவர் முதல் பக்கத்தையே புரட்டவில்லை.

"ஏழு பேர் சேர்ந்து ஒருத்திய அமுக்கற ஆட்டம்மா இது. இதுல இடைவெளிய எங்க வெப்ப?"

அவர் தலைக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எங்கள் மைதானம். அங்கே ஒரு கம்பெனி வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. வரிசை கபடிக் கோட்டின் மேலேயே வளைந்து போயிற்று, முதுகோடு மார்பு ஒட்டி.

"அது இன்னா சார்?" என்றாள் அக்கா.

"அது பிளேஸ்மென்ட்மா. அது வேற."

வைரஸ் பயோடேட்டா பார்த்துத்தான் ஒட்டும் போலிருக்கிறது. ஆனால் மனிதர் கடைசியில் இறங்கி வந்தார். "பத்து நாள் பதிவேடு சுத்தமா இருக்கட்டும். மேல பேசறேன்." வெப்பம் பார்க்கும் துப்பாக்கியைத் தன் ஏ.சி. அறை அலமாரியில் வைத்துக்கொண்டார். தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து நான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மாஸ்க் போட்டுக் கபடி பாடியிருக்கிறீர்களா? மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிர்க்களம் போக வேண்டும். மூன்றாவது 'கபடி'க்குத் துணி நனைந்துவிடும். ஐந்தாவதுக்கு அது உதட்டோடு ஒட்டி, நம் எச்சில் நமக்கே திரும்பி வரும். மதியம் கேன்டீனில் தின்ற முட்டைக்குழம்பு நாற்றம் முழுக்க உள்ளேயே சுற்றும். அக்கா ஒருநாள் கோட்டைத் தொட்டுத் திரும்பி வந்து, மாஸ்க்கைக் கழற்றி முறுக்கினாள். தண்ணீர் சொட்டியது. இருந்தும் பன்னிரண்டு பேரும் வந்தார்கள்.

துப்பாக்கிதான் கழுத்தை அறுத்தது. ஏ.சி.யிலிருந்து எடுத்து வந்ததும் யாரைச் சுட்டாலும் தொண்ணூற்று மூன்று காட்டும்.

"தொண்ணூத்தி மூணா? இன்னாடி, நான் இன்னா பல்லியா?" என்றாள் லெஃப்ட் கார்னர் ஆடுகிறவள். முதலாமாண்டுப் பெண், அவள் கணுக்காலைப் பிடித்தால் யாராலும் விடுவித்துக்கொள்ள முடியாது. "பல்லிக்குக் காய்ச்சல் வராது, நல்லதுதான். அப்டியே எழுதிக்கோ."

அப்படியே எழுதினால் பி.டி. சார் சிரிப்பார். எனவே நான் தொண்ணூற்றேழு புள்ளி எட்டு என்று எழுதினேன். முதல் நாள் எல்லோருக்கும் துப்பாக்கி வைத்துவிட்டு எழுதினேன். மூன்றாம் நாள் வைக்காமலே எழுதினேன்.

லைனில் எங்களிடம் ஒரு செக் ஷீட் உண்டு. இரண்டு மணிக்கு ஒருமுறை போல்ட் இறுக்கம் பார்த்து டிக் போட வேண்டும். யாரும் அப்படிப் போடுவதில்லை. ஷிஃப்ட் தொடங்கும்போதே கடைசிக் கட்டம் வரை டிக் போட்டு மாட்டிவிட்டுத்தான் வேலையே ஆரம்பிக்கும். சேர்ந்த இரண்டாம் வாரமே என் கை அதைக் கற்றுக்கொண்டது. அதே கை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சனிக்கிழமை வரைக்கும் பதிவேட்டை நிரப்பி வைத்தது. பன்னிரண்டு பேர், ஆறு நாள், ஒரே பேனா. அப்போது எனக்கு உறுத்தவில்லை. வேகமாக வேலை முடித்த பெருமைகூட இருந்தது.

புதன்கிழமை லெஃப்ட் கார்னர் சோர்வாக வந்தாள். "தல வலிக்குதுக்கா" என்றாள். நான் துப்பாக்கியை வாங்கக்கூடப் போகவில்லை. ஆட்டத்தில் அவளும் இருந்தாள், அத்தனை பேர் மேலேயும் விழுந்து எழுந்தாள். வியாழக்கிழமை வரவில்லை. காய்ச்சல், பரிசோதனையில் தொற்று. மறுவாரம் எங்களில் மூன்று பேருக்கு. லெஃப்ட் கார்னரின் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூச்சுக்குக் குழாய் வைக்க வேண்டியிருந்தது. பிழைத்து வந்துவிட்டார். வராமல் போயிருந்தால் இந்தப் பக்கத்தை நான் எழுதியிருக்க மாட்டேன்.

எங்களுக்குத் தனிமை முடிந்ததும் பி.டி. சார் என்னையும் அக்காவையும் கூப்பிட்டார். பதிவேடு மேசையில் திறந்திருந்தது. வியாழன்: தொண்ணூற்றேழு புள்ளி எட்டு. வெள்ளி, யாருமே மைதானத்துக்கு வராத நாள்: தொண்ணூற்றேழு புள்ளி எட்டு. திட்டுவார் என்று நின்றேன். அவர் சிரித்தார்.

"கம்பெனில நல்லா ட்ரெய்னிங் குடுக்கறாங்கம்மா."

பிறகு குரலைத் தணித்தார். மற்ற மூன்று கல்லூரிகளிலும் பேசிவிட்டாராம். ஒருநாள் ஜெர்சி போட்டு, மாஸ்க்கோடு ஒரு போட்டோ. ஆட்டமே இல்லாமல் ஸ்கோர் ஷீட்டை எழுதிவிடலாமாம். சீசன் நடந்த மாதிரியும் ஆச்சு, யாருக்கும் ஒன்றும் ஆகாது, சான்றிதழும் வந்துவிடும். "நீதான் இவ்ளோ அழகா எழுதறியே, ஷீட்டயும் நீயே எழுதிடு."

அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு, ஒரு கணம் எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அக்காவுக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும் அல்லவா?

அக்கா கேட்டாள். "நான் எத்தன பாயிண்ட் எடுத்தேன் சார்?"

"நீயே சொல்லும்மா. பதினஞ்சு போட்டுடலாமா?"

"போலீஸ் செலக்‌ஷன்ல ரைடு போவச் சொல்லுவாங்க சார். அங்க உங்க ஷீட்டா வந்து பாடும்?"

போட்டோவுக்கு ஒத்துக்கொள்ளாமல் வெளியே வந்தாள். நான் பின்னால் ஓடி, அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் நின்று திரும்பினாள்.

"அவுரு எழுதறேன்னு சொன்னாரு. நீ எழுதியே வெச்சியே. இன்னாடி வித்தியாசம்?"

ரத்து அறிவிப்பு வந்த நாளிலிருந்து பஸ், வரிசை, பி.டி. சார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முகம் சுளித்திருந்தேன். என் பேனாவை மட்டும் பார்க்கவில்லை.

காவல் வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சீசன் நடத்த முடியுமா என்று யாராவது கேட்டால், இப்போது என்னிடம் ஒரே பதில்தான்: பொய் எழுதாமல் பத்து நாள் ஓட்ட முடிந்தால் முடியும். இல்லையென்றால் ரத்து செய்தவர்களே சரி.

எதிரணிக் கேப்டன் ஒருத்தியிடம் பேசிவிட்டேன். அவர்களும் போட்டோவுக்கு நிற்க மறுத்திருக்கிறார்கள். இரண்டே அணிகள், ஒரே நாள், திறந்த வெளியில் ஒரு மண்டல ஆட்டம் நடத்த அனுமதி கேட்டு பல்கலைக்கழக விளையாட்டு அலுவலகத்துக்கு நேராகக் கடிதம் எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து அக்காவுடையது. பழைய பதிவேட்டையும் கூடவே வைத்து, இது பொய் என்று அட்டையில் எழுதியிருக்கிறேன்.

நாளையிலிருந்து புதுப் பதிவேடு. அவரவர் எண்ணை அவரவரே எழுத வேண்டும். துப்பாக்கியை அரை மணி நேரம் முன்னதாக வாங்கி வந்து வெளியே வைத்து, அதன் குளிர் போன பிறகுதான் சுட வேண்டும். முதல் நெற்றி என்னுடையது. என்ன காட்டுகிறதோ அதை எழுதுவேன். கூடுதலாகக் காட்டினால் நானே வீட்டுக்குப் போய்விடுவேன், அணியும் போகும், அக்காவின் சான்றிதழும் அதோடு போகும். அதை அவளிடம் சொன்னேன்.

"எழுது. ஆனா நாளைக் கணக்க நாளைக்குத்தான் எழுதணும்" என்றாள்.