செய்யாற்று வீட்டின் பூட்டு

எடை குறைவாகப் பிறந்த குழந்தையைச் செவிலியர் வீடு தேடி வந்து பார்க்க வேண்டும். தாய் பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தால் அந்த வீட்டுக்கே வர வேண்டும். விதி அப்படி. வேலையில் இருந்தவரை விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். அவை என்னைக் கைவிடமாட்டா என்று நம்பினேன்.

மகளின் கர்ப்பப் பதிவு செய்யாற்றில், புகுந்த வீட்டு முகவரியில் இருந்தது. வளைகாப்பு முடித்து ஆரணிக்கு அழைத்துவந்தபோது, ராகுகாலம் வரை பார்த்த நான் முகவரியை மாற்ற மறந்துவிட்டேன். மருமகன் காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். செவிலியர் அங்கே பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

இங்கே, எடை குறைவாகவே பிறந்த பேத்தி பால் குடிக்கத் தொடங்கியதுமே தூங்கிவிடுவாள். மகள் அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். மகள் விரலை எடுத்ததும் நான் வைத்துப் பார்ப்பேன். மற்றபடி நான் செய்தது, செவிலியரை ஆரணிக்கு அனுப்பக் கோரி மனு எழுதியதுதான்: உரிய வழியாக, இரண்டு நகல்களுடன். ஆரம்ப சுகாதார நிலையம் நடக்கிற தூரம். நேரில் போய்க் கேட்பது முறையல்ல என்று இருந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு நெசவுக்கார அம்மாள்தான் பட்டு நூல் நிறுக்கும் தராசோடு வந்தார். தராசின் மேல் தாம்பாளம், அதில் மடித்த துண்டு, துண்டில் குழந்தை. மூன்றாம் நாள் மறுபடியும் நிறுத்தார். எடை குறைந்திருந்தது. துண்டு மாறியிருக்குமோ என்று நான் விசாரணையைத் தொடங்கினேன்.

"அதே துண்டுதான் சார். நூலா இருந்தா ஈரம் காஞ்சிச்சின்னு சொல்லலாம். இது கொயந்த." என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். "எழுதிகினே இருக்காதீங்க. ஜல்தியா ஆட்டோவக் கூப்புடுங்க."

மருத்துவமனையில் நான்கு நாட்கள் வைத்திருந்தார்கள். பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் புகட்ட மகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வீடு திரும்பிய பிறகு தராசு தினமும் வந்தது. எடை ஏறிய முதல் நாள், நம்பாமல் மூன்று முறை நிறுக்கச் சொன்னேன்.

"ஏறிகீது சார். வேணும்னா கையெழுத்து போட்டுத் தரட்டா?" என்றார் அந்த அம்மாள்.

என் மனுவுக்கும் பதில் வந்தது. மூன்று முறை சென்றும் செய்யாற்று வீடு பூட்டியிருந்தபடியால் மேல்நடவடிக்கை கைவிடப்பட்டதாகக் கண்டிருந்தது. நான் படித்து முடிப்பதற்குள் பேத்தி தவழ்ந்து வந்து உறையை வாயில் வைத்துக்கொண்டாள். அன்று அவளுக்கு முதல் பிறந்தநாள்.