லாரிக் கரையான்

சரண்யாதேவிக்கு 'நிலவு போன்ற முகம்' என்று கேட்டாலே எரிச்சல் வரும். பேரையூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறவர். அணி இலக்கணத்தைப் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். சொந்தமாக ஒரு உவமை கேட்டால் மட்டும் நிலவும் தாமரையும்தான் வரும்.

"நிலா, பூ, மயில் எல்லாத்துக்கும் இனிமே லீவு," என்றார் ஒருநாள். "வர்ற வழியில கண்ணுல பட்டதைச் சொல்லுங்க."

சுருளி எழுந்தான். "டவுன் பஸ்சு சினையாடு மாதிரி அசைஞ்சு வருது டீச்சர்."

வகுப்பு சிரித்து அடங்கியது. அதற்குப் பிறகுதான் முத்துமீனா வாய் திறந்தாள். "எங்க கண்மாய் பல்லுப் பிடுங்கின ஈறு மாதிரி குழிகுழியாக் கிடக்கு. லாரிக் கரையான் வந்து அரிச்சுட்டுப் போகுது."

முதலாவது உவமை, அடுத்தது உருவகம். சரண்யாதேவிக்கு உடம்பு சிலிர்த்தது. மறுநாள் காலை வழிபாட்டில் அவளையே மைக்கில் வாசிக்க வைத்தார். எதிரே டீக்கடை இருப்பதை அவர் யோசிக்கவில்லை.

மத்தியானமே விருமாண்டி வந்துவிட்டான். கண்மாயில் மண் அள்ளும் லாரிகள் அவனுடையவை.

"என்னைக் கரையான்னு சொன்ன புள்ளயக் கூப்பிடுங்க. ஒரு மன்னிப்பு கேட்கட்டும், போறேன்."

தலைமையாசிரியர் அனந்தநாராயணனுக்கு வேர்த்துக் கொட்டியது. "மேடம், அது சும்மா ஒரு அலங்காரம், அர்த்தம் ஒண்ணுமில்லேன்னு சொல்லிடுங்க. விஷயம் முடிஞ்சுடும்."

சும்மா. சரண்யாதேவியின் அப்பா அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர். ஆத்திரத்தில் ஒரு வார்த்தை விட்டாலும் அடுத்த நிமிஷமே, "சும்மா சொன்னேன் சாமி," என்று குனிந்துவிடுவார். அந்த முதுகுதான் இப்போது சரண்யாதேவியின் கண்ணுக்குள் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் கூடியிருந்தார்கள்.

"பாடம் நடத்துனது நான். புள்ளயக் கூப்பிட மாட்டேன்," என்றார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அர்த்தம் இருக்கு. அந்தப் புள்ள லாரியத்தான் சொல்லுச்சு. கண்மாயை வந்து பாருங்க. பொருந்தலைன்னா நானே மாத்திச் சொல்லச் சொல்றேன்."

விருமாண்டி சிரித்தான். "பழங்காநத்தத்துல இருந்துதான டீச்சர் பஸ்ல வாரீக? பாத்து வாங்க."

அன்று பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்கு நடக்கும்போது பின்னால் வந்த பைக் ஒவ்வொன்றையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் முத்துமீனா வரவில்லை. மனசு கேட்காமல் சாயங்காலம் அவள் வீட்டைத் தேடிப் போனார். வாசலில் கருப்பு என்கிற அவளுடைய அப்பா காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கரையான ஓட்டுனவன் நான்தான் டீச்சர்," என்றார் எழுந்து. "நேத்து ஓனரு சாவியப் பிடுங்கிட்டாரு."

"எனக்குத் தெரியாதுண்ணே," என்றார் சரண்யாதேவி.

"அவளுக்குத் தெரியுமே. தெரிஞ்சுதான சொல்லிருக்கா." கோபமா பெருமையா, அந்தக் குரலில் பிரித்தறிய முடியவில்லை. "கப்பலூர்ல ஒரு கம்பெனியில டிரைவர் கேட்டாக, போகப் போறேன். புள்ள நாளைக்கு வரும். ஆனா மைக்கு வேணாம் டீச்சர். எங்களுக்கு அம்புட்டுத் தெம்பு இல்ல."

சொன்னபடியே மறுநாள் முத்துமீனா வந்தாள். தலை நிமிராமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ரோட்டில் மண் லாரிகள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தன. உவமை கேட்டால் யாரும் கை தூக்கமாட்டார்கள் என்று சரண்யாதேவிக்குத் தெரிந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கரும்பலகையில் எழுதினார்: பிறிதுமொழிதல் அணி.

"சொல்ல வந்த ஆளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. வேற ஒண்ணைப் பத்தி மட்டும் பேசணும். ஆனா கேட்கிறவனுக்கு யாருன்னு விளங்கிரணும்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் முத்துமீனா மெல்லத் தலை தூக்கினாள்.