கத்தரி படாத கோட்டுத் துணி

எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு வாழ்நாளில் கோட்டு ஒன்றுதான். கலியாணத்துக்குத் தைப்பார்கள். அதன் பிறகு அலுமாரிக்குள் தொங்கும். கடைசியில் அதைப் போட்டுத்தான் சவப்பெட்டிக்குள் வைப்பார்கள். சின்ன வயதில் எனக்கு இதன் முதற்பாதி மட்டுமே தெரியும்.

பெரியப்பாவின் கோட்டு, இடம்பெயர்ந்த காலத்தில் வீட்டோடு எரிந்துபோனது. சண்டை முடிந்து எங்கள் ஊரான குருநகருக்குத் திரும்பிய பிறகு அவர் படுக்கையில் விழுந்தார். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன கிழமையே பெரியம்மா துணி தேடப் புறப்பட்டார். அதே துணி வேண்டும், வேறு துணியில் அவரை அனுப்ப மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். எனக்குச் சொன்ன கதை வேறு: இருபத்தைந்தாவது கலியாண நாள் வருகிறது, பெரியப்பா கோட்டுப் போடப்போகிறார். அப்படியென்றால் கேக்கும் வரும் என்று நானே முடிவுகட்டி, குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

மாதிரிக்கு இருந்தது பெரியம்மாவின் செபப்புத்தக உறை மட்டும். அந்தக் கோட்டில் மிஞ்சிய துண்டில் தைத்தது. சாம்பல் நிறம், நடுவே மெல்லிய நீலக் கோடு. பட்டணத்துத் துணிக்கடையில், "உது இப்ப வாறேல்லை அக்கா, அந்த மில்லே இல்லை" என்றார்கள். ஒருவர் கிட்டத்தட்ட அதேபோல ஒன்றை விரித்தார். பெரியம்மா வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அச்சுவேலியிலும் கிடைக்கவில்லை. எனக்குக் கால் உளைந்தது; கேக்கை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

கொடிகாமத்தில் ஒரு தையற்காரர், முந்திப் பட்டணத்தில் கடை வைத்திருந்தவர், உறையைக் கண்டதும் மெசினை நிறுத்தினார்.

"உந்தத் துணியிலை தைக்கவெண்டு கொழும்புத்துறை மாப்பிள்ளை ஒருத்தருக்கு அளவெடுத்தனான். கலியாணத்துக்கு முதல் கடலுக்குப் போனவர், வரேல்லை. துணி எடுத்தது பொம்பிளை வீட்டார். அவையிட்டைத்தான் கிடக்கும்."

அந்தப் பெண் கொழும்புத்துறையில் தனியாக இருந்தார். பிறகு கலியாணமே செய்யவில்லையாம். பெரியம்மாவிடமிருந்து செபப்புத்தகத்தை வாங்கி, உறையைத் தடவியபடியே நின்றார்.

"ஆருக்குத் தைக்க?"

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் உதவிக்கு வந்தேன். "பெரியப்பான்ரை இருபத்தைஞ்சாவது கலியாண நாளுக்கு. கேக் வெட்டப்போறம்."

பெரியம்மா அழத் தொடங்கினார். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இவர் ஏன் மானத்தை வாங்குகிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அந்த அம்மா உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. இனித் தரமாட்டார் என்று பெரியம்மா எழும்பிவிட்டார். அப்போதுதான் பூச்சி உருண்டை மணக்க மணக்கத் துணி வந்தது. மடிப்புக் கலையவில்லை, கத்தரி படவில்லை. பெரியம்மா ஒரு நுனியைப் பிடித்த பிறகும் அவர் மற்ற நுனியை விடவில்லை.

"கொண்டுபோய்த் தையுங்கோ அக்கா. போடேக்கை எனக்குச் சொல்லியனுப்புங்கோ. ஒருக்கா வந்து பாக்கவேணும்."

பெரியப்பா அப்போது பாதியாக இளைத்திருந்தார். அவருடைய மாப்பிள்ளைக் காலத்து அளவிலேயே தைக்கப் பெரியம்மா தையற்காரரிடம் சொன்னார். பெரியம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கேக் வரவில்லை. பெரியப்பாவைக் கோட்டோடு பெட்டியில் வைத்திருந்த அன்று கொழும்புத்துறை அம்மா வெள்ளைச் சேலையில் வந்தார். பெரியப்பாவின் முகத்தைப் பார்க்கவேயில்லை. பக்கத்தில் முழந்தாளிட்டு, கோட்டின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். பெரியம்மாகூட அப்படி அழவில்லை. ஆர் இவ என்று சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

நான் பெரியம்மாவின் காதுக்குள் சொன்னேன்: "துணியைத் திருப்பிக் கேக்கிறா போலை. குடுத்திடாதேங்கோ."

பெரியம்மா எழும்பிப் போய், அந்த அம்மாவைத் தூக்கி, தலைமாட்டில் தான் இருந்த கதிரையில் இருத்தினார். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பெரியப்பா எங்களுடையவர்.