வேகாத கல்

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில், காலை எட்டு மணி ராஜபாளையம் வண்டியில், பக்கத்து இருக்கையில் கைப்பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தேன். செல்வராணி வரவில்லை. அவள் கணவர்தான் போனில் அழைத்தார். "குளிச்சிட்டு வந்தவ நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்தா. ஆஸ்பத்திரிக்குள்ள நுழையுமுன்னே போயிட்டாம்மா" என்றார். நின்றுகொண்டிருந்த ஒரு பெண், "இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், நம் பொறியியல் கல்லூரியில் நான் கணக்கு. அவள் சிவில் மாணவர்களுக்குப் பாறைகளைப் பற்றிச் சொல்லித்தந்தாள். எந்தக் கல் அணைக்கு ஆகும், எது சாலைக்கு ஆகும் என்பது பாடம். அவள் மனசோ வானத்திலிருந்து விழும் கற்களில் கிடந்தது. எம்.எஸ்.சி. படிக்கையில் தானே தேய்த்து மெலிதாக்கிய விண்கல் சில்லு ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, பால்கோவா டப்பாவில் பஞ்சு வைத்து எப்போதும் கூடவே கொண்டுவருவாள். ஒருநாள் நுண்ணோக்கியில் காட்டினாள். ஜவ்வரிசிப் பாயசம்போல மணி மணியாக உருண்டைகள், நடுவில் கறுப்புப் பொடி.

"பூமி உண்டாகுமுன்னே சேந்தது இது. பூமியில இருக்கதெல்லாம் உருகிக் கலந்து போச்சு. இந்தக் கல்லு அதுக்குப் பொறவு ஒருநாளும் உருகல. வேகாத கல்லு, ஏட்டி" என்றாள்.

"குடுத்து வச்ச கல்லு. நாம தினமும்லா வேகுதோம்" என்றேன். அதற்கு அப்படிச் சிரித்தாள்.

நம் சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்பதும் உங்களுக்குத் தெரியும். சேருகிற அன்றே அசலை வாங்கி அலுவலகப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில், இதே வேகாத கற்களை ஆராயும் வேலை அவளுக்குக் கிடைத்தது. போய்ச் சேர அசல் வேண்டும். தாளாளர் "பாப்போம்மா, பாப்போம்" என்றே வாரங்களை ஓட்டினார்.

அந்தச் சமயம் பார்த்து, கூமாப்பட்டியில் அவருடைய தென்னந்தோப்பில் குழி வெட்டியபோது கனமான கறுப்புக் கல் ஒன்று அகப்பட்டது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுக் கல்லூரி வாசலில் வைக்க அவருக்கு ஆசை. செல்வராணியைக் கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"விண்கல்லுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இப்பமே பீரோவைத் தொறக்கச் சொல்லுதேன்" என்றார்.

உடைந்த பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இல்ல சார். உள்ள பூரா குமிழி, மணி ஒண்ணுகூட இல்ல. இது உலையில வெந்த இரும்புக் கசடு."

வெளியே வந்ததும் கத்தினேன். "ஏட்டி, கிறுக்கா உனக்கு? ஒரேயொரு கையெழுத்து. போயிருக்கலாம்ல!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "போகணும்னு எனக்கு ஆசையில்லையா? பொய் சொல்லிட்டுப் போனா, அங்க நான் பாத்துச் சொல்லுத எதையும் நானே நம்ப மாட்டேன்" என்றாள்.

கெடு முடிந்து அந்த வேலை வேறொருவருக்குப் போனது. அவள் எப்போதும்போல எட்டு மணி வண்டியில் வந்தாள். அந்தக் கசடு இப்போது தாளாளர் அறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது.

போன வாரம் அவள் கணவர் வந்து கேட்டதும் பீரோவைத் திறந்துவிட்டார்கள். மறுபேச்சு இல்லை. அடப்பாவிகளா, செத்தால்தான் கொடுப்பீர்களா! அவர் சான்றிதழ் உறையைப் பிரிக்கவேயில்லை. "இத வச்சு இனி நான் என்னம்மா செய்ய?" என்று கேட்டுவிட்டு, பால்கோவா டப்பாவை என் கையில் கொடுத்தார். அவள் உறை இருந்த இடத்துக்கு அடியில் என் பெயர் எழுதிய உறை தெரிந்தது. அலுவலக ஊழியர் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினார்.

செல்வராணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சில்லும், அவள் சொன்ன "இல்ல சார்" என்ற சொல்லும்தான். என் உறையைக் கேட்கப் போகிற அன்றைக்கு இரண்டும் எனக்கு வேண்டும். இன்னும் போகவில்லை.