பெட்டிக்குள் பால்கோவா

என் வீட்டுக்காரருக்கு நீந்தத் தெரியாது. அப்படிப்பட்டவர்தான் தண்ணீருக்கு அடியில் படம் எடுக்க ஒரு கேமராப் பெட்டி செய்யக் கிளம்பினார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ராஜபாளையத்தில் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. ஏதோ ஒரு பத்திரிகையில் மீன்களுக்கு நடுவே ஒருவன் கேமராவும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டார், அன்றிலிருந்து மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

"பெட்டிய நான் செய்யுதேன். நீ கிணத்துல முங்கி எடு" என்றார். சோழபுரத்துக் கிணறுகளில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவள் நான். மாட்டேன் என்று சொல்ல எனக்கு எங்கிருந்து மனம் வரும்?

ஒரே ஒரு பயம்தான். கடைக்கு இருந்தது அந்த ஒரு கேமரா. அதில் தண்ணீர் புகுந்தால் அன்றோடு கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

தடித்த அக்ரிலிக் தகட்டில் பெட்டி தயாரானது. பின்பக்கம் ஒரு மூடி, மூடியைச் சுற்றிய பள்ளத்தில் ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம், இறுக்கக் கையால் திருகும் நாலு விங் நட்டு. மிதக்காமல் இருக்க அடியில் இரும்புப் பட்டை. ஒத்திகைக்குக் கேமராவை வைக்கப் பயந்து, அதன் எடைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கி வந்தார். கல்லை வைத்தால் ஆகாதா என்றேன்.

"கல்லுல ஒரு சொட்டு பட்டா யாருக்குத் தெரியும்? இது இளகிக் காட்டிக் குடுத்துரும்லா!"

அதற்குள் என் வாயில் பால்கோவா இருந்தது.

அண்டாத் தண்ணீரில் பெட்டியை அமுக்கினோம். மூடியோரம் வரிசையாகக் குமிழி கிளம்பியது. திறந்தால் பால்கோவா பாயசமாகியிருந்தது. வளையத்தை மாற்றினார், குமிழி. நட்டை இன்னும் முறுக்கினார், குமிழி. பள்ளத்தை உப்புத்தாளால் தேய்த்தார், அதற்கும் குமிழி. பாயசத்தை எல்லாம் நாங்கள்தான் குடித்தோம். உங்கள் வீட்டில் என்ன விசேஷம் என்று பால்கோவாக் கடைக்காரரே கேட்டாராம்.

ஐந்தாவது தடவை நான் அண்டாவை விட்டுவிட்டு அவர் கையைப் பார்த்தேன். வளையத்துக்குப் பட்டும் படாமலும் கிரீஸ் தடவினார், பள்ளத்தில் பதித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி வேஸ்ட் பஞ்சை எடுத்து, வளையத்தை ஆசை ஆசையாக ஒரு துடை துடைத்தார். ஸ்டூடியோ வைப்பதற்கு முன்னால் அவர் நூல் மில்லில் ஃபிட்டர். எங்கள் ஊரில் மில்லுக்குப் போனவர்கள் ஸ்கூட்டரானாலும் மூக்குக்கண்ணாடியானாலும் வேஸ்ட் பஞ்சால்தான் துடைப்பார்கள். வளையத்தைப் பிடுங்கி வெயிலில் காட்டினேன். முடியை விட மெல்லிய ஒரு பஞ்சு இழை, கிரீஸில் ஒட்டிக் குறுக்கே படுத்திருந்தது. தண்ணீருக்கு அதுவே வழியாகிவிட்டது.

"மில்ல விட்டு எம்புட்டு வருசமாச்சு! பஞ்சு மட்டும் உங்கள விடலையேங்க!"

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். வளையத்தையும் பள்ளத்தையும் கழுவி, காற்றில் உலர்த்தி, வெறும் விரலால் கிரீஸ் தடவி மூடினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து நனையாத பால்கோவா எடுத்துத் தின்றோம்.

அடுத்த ஞாயிறு உச்சி வெயிலில் என் சித்தப்பா தோட்டத்துக் கிணற்றுக்குப் போனோம். கேமராவை உள்ளே வைத்துப் பூட்டியதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. பெட்டிக்கு வெளியிலிருந்து படத்தைத் தட்டத்தான் கம்பி வைத்திருந்தார், ஃபிலிமைச் சுற்ற வழி வைக்க மறந்துவிட்டார். ஆக, ஒரு முங்குக்கு ஒரு படம்தான்.

"ஏட்டி, கேமரா பத்திரம்!" மூன்று தடவை சொன்னார். நீ பத்திரம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது, முங்கிவிட்டேன்.

உள்ளே போனதும் கோபம் போன இடம் தெரியவில்லை. பச்சை வெளிச்சம், காதில் என் நெஞ்சு அடிக்கும் சத்தம், கல்லிடுக்கில் ஒரு ஆமை! இருக்கிற ஒரு படத்தையும் அதற்கே கொடுப்பது என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். அது தலையை நீட்டுவதாக இல்லை. நானும் விடுவதாக இல்லை.

திடீரென்று தலைக்கு மேல் தொப்பென்று சத்தம். பெட்டியோடு நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளையாக ஏதோ இறங்கியது. என் விரல் தானாகத் தட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் அது வேட்டி என்பதும், வேட்டிக்குள் இருப்பது யார் என்பதும் புரிந்தது. பெட்டியை விட்டேன், அவர் தலைமுடியைப் பிடித்தேன், இழுத்துக்கொண்டுபோய்க் கிணற்றுப் படியில் போட்டேன்.

இருமி இருமித் தண்ணீரைக் கக்கினார். "இம்புட்டு நேரமா மேல வரலயே நீ... ஒண்ணும் ஆகலயே?"

"கேமரா அடியில போயிருச்சுங்க."

"போனாப் போகுது, போ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். செத்த நேரம் விடவே இல்லை.

பிறகு நான் முங்கி, சேற்றிலிருந்து பெட்டியை எடுத்து வந்தேன். வெளியே நன்றாகத் துடைத்துத் திறந்தோம். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அந்தப் படம் கடைச் சுவரில் வெகுகாலம் மாட்டியிருந்தது. குடையாக விரிந்த வேட்டி, இரண்டு ஒல்லிக் கால்கள், இறுக மூடிய கண்கள், என் பக்கம் நீண்ட இரண்டு கைகள். யார் இது என்று கேட்கிறவர்களிடம், யாரோ ஒரு ஆள் என்று அவர் மழுப்புவார். நான் விடமாட்டேன். நீந்தத் தெரியாத என் வீட்டுக்காரர் என்னைக் காப்பாற்ற வருகிறார் என்று சொல்லிவிடுவேன்.