அக்காவின் ரோஜாவும் என் கத்தரியும்

பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருடம் தரம் பார்த்தவன் நான். நிறம் கொஞ்சம் மாறியிருந்தாலும் தூக்கி ஒதுக்கு என்பதுதான் எனக்குத் தெரிந்த வேதம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் இனி ஒதுக்குவதற்கு நான் ஒருவன்தான் பாக்கி என்று என் மனைவி சொல்வாள்.

அடுத்த வரிசையில் அக்கா வீடு. வாசலில் பெரிய தொட்டியில் ஒரு ரோஜா, கேமரன் மலையிலிருந்து அத்தான் வாங்கி வந்தது. அத்தான் இருந்தவரை, விடிந்தால் அதிலிருந்து ஒரு பூ அக்காவின் கொண்டைக்குப் போய்விடும். அவர் தவறிய இந்த இரண்டு வருடமாக அக்கா பூ வைப்பதில்லை. வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை, அவளே நிறுத்திக்கொண்டாள். சாமிக்குக்கூடப் பறிக்கவில்லை. பூவெல்லாம் செடியிலேயே வாடி, மழையில் பழுப்பாகி அழுகியது. செடி ஓட்டடைக் கம்புபோல் உயர்ந்துகொண்டே போனது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. செடிக்காக இல்லை, அவளுக்காக.

"வாடுன பூவ வெட்டிவிட்டாதான் அடுத்த பூ வரும்க்கா. செத்த குச்சியெல்லாம் எடுக்கணும். வீடியோல பார்த்தேன்."

"வீடியோ பார்த்து நீ மீ கோரேங் சமைச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா? போடா."

ஒரு மாதம் நச்சரித்தேன். கடைசியில், "என்னமோ பண்ணித் தொலை லா," என்றாள். செடி வெட்டும் புதுக் கத்தரியோடு போய், காய்ந்த குச்சிகளை எடுத்து, செடியை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்தேன். அக்கா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனால், குச்சிகளில் அங்கங்கே கருஞ்சிவப்பாக ஏதோ கிளம்பியிருந்தது. இலை என்றால் பச்சையாக அல்லவா இருக்க வேண்டும்? நோய்தான் என்று முடிவு கட்டினேன். தொழிற்சாலைக் கை சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாகக் கத்தரியால் வெட்டி ஒதுக்கினேன். ஏழாவதற்கு வரும்போது அக்கா வெளியே ஓடி வந்தாள்.

"அடப்பாவி! அது தளிருடா! ரோஜாத் தளிர் செவப்பாத்தான்டா வரும்! இதையா வெட்டிப் போட்ட?"

என் கையிலிருந்து கத்தரியைப் பிடுங்கினாள். தரையில் கிடந்த தளிர்களைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நல்லவேளை, அடிக்கிளையில் நான்கைந்து தளிர்கள் என் கண்ணுக்குத் தப்பியிருந்தன.

"இனிமே இந்தச் செடிய நீ தொட்ட, உன் காத வெட்டுவேன்," என்றாள்.

கத்தரி அவள் வீட்டிலேயே தங்கிவிட்டது. செடியை அவளே பார்த்துக்கொண்டாள். ஆறேழு வாரத்தில் மொட்டு விட்டு, பூக்கவும் தொடங்கியது. நான் தொடவில்லை, எனக்குக் காது வேண்டும். ஆனாலும் பார்வையிடும் புத்தி போகுமா? ஒருநாள் காலையில் போய்ச் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மலர்ந்த பூ ஒன்றுகூட இல்லை. மொட்டுகளும், புதிதாக வெட்டிய காம்புகளும்தான் இருந்தன.

"என்னக்கா, வாடுன பிறகுதானே வெட்டணும்? நல்ல பூவையெல்லாம் எங்க கொண்டுபோய்ப் போட்ட?" என்று வாசலில் நின்றே அதட்டினேன்.

அக்கா அடுப்படியில் எனக்கு முதுகு காட்டி நின்று கோப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். கொண்டையில் ஒரு சிவப்பு ரோஜா.

"வாடுற வரைக்கும் காத்திருக்கணும்னு எவன்டா சொன்னான்?" என்றாள், திரும்பாமலே.